‘லைஃப்டைம் ஃப்ரீ’ என்று தந்த கார்டுக்கு இப்போது கட்டணமா?

கேள்வி: நான் திண்டுக்கல்லில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியை. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடைக்கு ஃப்ரிட்ஜ் வாங்கப் போனபோது, கடைப் பெயர் போட்ட கிரெடிட் கார்டு ஒன்றுக்கு அங்கேயே விண்ணப்பம் வாங்கிக்கொண்டார்கள். “லைஃப்டைம் ஃப்ரீ மேடம், ஒரு பைசா கட்டணம் கிடையாது” என்றார்கள். கொடுத்த நோட்டீஸிலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. இந்த ஜூன் 12 அன்று ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஜூலை 1 முதல் ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வட்டி மாதம் 3.5 சதவீதத்திலிருந்து 3.75 ஆகிறது. தொடர்ந்து கார்டைப் பயன்படுத்தினால் சம்மதித்ததாக எடுத்துக்கொள்வார்களாம். என் பாக்கி 38,000 ரூபாய். மாதாமாதம் மினிமம் தொகையைத் தவறாமல் கட்டி வருகிறேன். கடையில் கேட்டால் “பேங்க்ல கேளுங்க” என்கிறார்கள், பேங்க் கஸ்டமர் கேரில் “அது கடையோட ஸ்கீம்” என்கிறார்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை அவர்களாகவே மாற்றலாமா? கார்டை வெட்டிப் போட்டுவிட்டால் பிரச்சினை தீருமா? மூடினால் சிபில் ஸ்கோர் (கடன் மதிப்பெண்) கெட்டுவிடும் என்று தம்பி பயமுறுத்துகிறான். என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒரு நிதி நிறுவனத்தின் இஎம்ஐ கார்டு வைத்திருக்கிறார். அதிலும் இப்படித்தான் கட்டணத்தை மாற்றியிருக்கிறார்கள்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் கத்திரிக்கோலைக் கீழே வையுங்கள். கார்டை வெட்டினால் கணக்கு மூடாது. ஆண்டுக் கட்டணம் கணக்கில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதைக் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் சேரும், பிறகு வசூல் ஏஜென்ட் போன் செய்வார். என்னிடம் வரும் கார்டு வழக்குகளில் பல இப்படி வெட்டிப் போட்ட கார்டிலிருந்து தொடங்கியவைதான். அதற்குப் பதிலாக இன்றிலிருந்து அந்தக் கார்டில் எதையும் வாங்காமல் இருங்கள். கரண்ட் பில், மொபைல் ரீசார்ஜ், ஓடிடி சந்தா என்று தானாகப் பணம் போகும்படி எதையாவது அதில் இணைத்திருந்தால் முதலில் அதைத் துண்டியுங்கள். உங்களுக்கே தெரியாமல் நடக்கும் அந்த 199 ரூபாய் ஆட்டோபேயைக் காட்டி “நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தினீர்கள், அதனால் சம்மதித்தீர்கள்” என்று நாளைக்கு வாதாட இடம் கொடுக்க வேண்டாம்.

அவர்களாகவே மாற்றலாமா என்றால், மாற்றலாம். நீங்கள் கையெழுத்திட்ட படிவத்திலேயே அந்த உரிமையை அவர்கள் எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் நினைத்த நேரத்தில், நினைத்தபடி மாற்ற முடியாது. கிரெடிட் கார்டுகளுக்காக ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று ஒரு விரிவான வழிகாட்டு உத்தரவை வெளியிட்டது, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. வட்டி நீங்கலாக மற்ற எந்தக் கட்டணத்தை மாற்றினாலும் குறைந்தது ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும், அதுவும் இனி வரும் காலத்துக்கு மட்டுமே மாற்ற வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. உங்களுக்கு மின்னஞ்சல் வந்தது ஜூன் 12. அமலாகும் தேதி ஜூலை 1. இடையில் இருப்பது 19 நாள். ஆகவே ஜூலை 1 அன்று அந்த 499 ரூபாயை உங்கள் கணக்கில் ஏற்ற அவர்களுக்கு உரிமை இல்லை. ஜிஎஸ்டியோடு சேர்த்து 588 ரூபாய் 82 காசு. சிறு தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். இதே மின்னஞ்சல் எத்தனை பேருக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதே உத்தரவில், அதிகம் பேர் அறியாத இன்னொரு வரியும் இருக்கிறது. கட்டண மாற்றம் தனக்குப் பாதகம் என்று கருதி வாடிக்கையாளர் கார்டைத் திருப்பிக் கொடுக்க விரும்பினால், மூடுவதற்கென்று தனியாக ஒரு பைசாவும் வாங்காமல் அனுமதிக்க வேண்டும். நிலுவையை மட்டும் கட்டினால் போதும். ஆக, மாற்றத்தைத் தடுக்கும் உரிமையை இந்த விதி உங்களுக்குத் தரவில்லை, வெளியேறும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த ஒரு மாத முன்னறிவிப்பு எதற்காக என்றால், இருப்பதா போவதா என்று நீங்கள் முடிவெடுக்கத்தான். அந்த மாதத்தை யோசிக்காமல் கழித்துவிட்டு, வழக்கம்போல மளிகைக்கும் துணிக்கும் கார்டைத் தேய்த்தால், புதிய நிபந்தனைக்குள் நீங்களாகவே நுழைந்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும்.

வட்டி விஷயத்தில் உங்களுக்கு நல்ல செய்தி சொல்ல முடியவில்லை. ஒரு மாத விதியில் ‘வட்டி நீங்கலாக’ என்றே எழுதியிருப்பதால், 3.75 சதவீதத்தை அந்த விதியை வைத்துத் தடுக்க முடியாது. வட்டிக்கு இருக்கும் பாதுகாப்பு, கடன் தருபவர்களுக்காக 2003-ல் ரிசர்வ் வங்கி வகுத்த நியாய நடைமுறை நெறிதான். மாற்றத்தை அறிவிக்க வேண்டும், முன்தேதியிட்டு வசூலிக்கக் கூடாது என்கிறது அது. அதாவது ஜூன் மாதத்துக்கான வட்டியைப் புதிய விகிதத்தில் போட முடியாது. ஆனால் ஜூலை 1 முதல் உங்கள் பழைய 38,000 ரூபாய் பாக்கிக்கும் சேர்த்தே புதிய வட்டி ஓடும். அமெரிக்காவில் 2009-ல் கொண்டுவந்த கார்டு சட்டம் இந்த இடத்தில் வாடிக்கையாளரை நன்றாகவே காக்கிறது. முக்கியமான மாற்றம் எதுவானாலும் 45 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஏற்கெனவே இருக்கும் பாக்கிக்குப் பழைய வட்டிதான், 60 நாளுக்கு மேல் தவணை தவறுவது போன்ற சில விலக்குகளைத் தவிர. பழைய கடனுக்குப் பழைய விலை என்ற அந்த எளிய நியாயம் நம் விதியிலும் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பாக்கி இருப்பவரிடம் “பிடிக்கவில்லை என்றால் போகலாம்” என்று சொல்லிவிட்டு, மொத்தத்தையும் கட்டினால்தான் கதவு திறக்கும் என்பது போதுமான பாதுகாப்பு ஆகாது.

“மாதம் 3.75 என்றால் ஆண்டுக்கு 45 சதவீதம் ஆகிறதே, வழக்குப் போட்டுக் குறைக்க முடியாதா” என்று பலர் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் தீர்ப்பளித்தது உண்மை. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. எனவே வட்டி அதிகம் என்ற ஒரே காரணத்தோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் நிற்காது. முன்னறிவிப்பு தரவில்லை, சொன்னது ஒன்று வசூலித்தது வேறு என்ற காரணங்கள் நிற்கும். சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 38,000 ரூபாய்க்கு மாதம் 3.75 சதவீதம் என்றால் வட்டி 1,425 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 256 ரூபாய் 50 காசு. மொத்தம் 1,681 ரூபாய் 50 காசு. உங்கள் மினிமம் தொகை பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கட்டுவது 1,900 ரூபாய். இதில் அசலில் கழிவது எவ்வளவு தெரியுமா? 218 ரூபாய் 50 காசு. மாதம் தவறாமல் கட்டியும் பாக்கி ஏன் அப்படியே நிற்கிறது என்று உங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கும். காரணம் இதுதான். அதோடு, பாக்கியை அடுத்த மாதத்துக்குத் தள்ளும் வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு அந்த ‘45 நாள் வட்டியில்லாக் காலம்’ கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கடையின் தள்ளுபடிக்காக அந்தக் கார்டில் ஒரு மிக்ஸி வாங்கினால்கூட, தள்ளுபடியை வட்டி தின்றுவிடும்.

அதனால் 499 ரூபாய்க்காகச் சண்டை போடும் அதே நேரத்தில் அந்த 38,000-ஐ அங்கிருந்து நகர்த்துவதுதான் உங்களுக்கு முக்கியம். உங்கள் பள்ளி ஆசிரியர்களுக்குக் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கம் இருந்து, நீங்கள் உறுப்பினராகவும் இருந்தால் அங்கே முதலில் கேளுங்கள். இல்லையென்றால் வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ நகைக்கடன். அடகு வைக்கும் நகையை மீட்டுக்கொள்ளும் தைரியம் இருந்தால் அதன் வட்டி இந்த 45 சதவீதத்தில் பெரும்பாலும் நான்கில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். நகை வைக்க மனமில்லை என்றால், அதே கார்டு வங்கியிடம் மொத்தப் பாக்கியையும் இஎம்ஐ ஆக மாற்றித் தரச் சொல்லுங்கள். அதில் வட்டி குறையும், தவணை முடியும்வரை மாறாது. மாற்றும் முன்பே அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று அவர்கள் பிரித்துக் காட்ட வேண்டும். வட்டி உள்ள தவணையை ‘நோ காஸ்ட்’ என்று வேஷம் போட்டுத் தரக் கூடாது என்பதும் அதே 2022 உத்தரவில் இருக்கிறது. பிராசசிங் கட்டணமும், தவணை வட்டிக்கு ஜிஎஸ்டியும் உண்டு என்பதைச் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கடைக்கும் வங்கிக்கும் நடுவில் உங்களை அலைய விடுவதைப் பற்றி. கடைப் பெயர் போட்ட கார்டில் கடையின் வேலை விளம்பரம் செய்வதும் ஆள் சேர்ப்பதும் மட்டுமே. கடன் தருவது, வட்டி போடுவது, நிபந்தனை மாற்றுவது, புகாருக்குப் பதில் சொல்வது எல்லாம் கார்டை வழங்கிய வங்கியின் பொறுப்பு. “அது கடையோட ஸ்கீம்” என்று வங்கி ஒதுங்க விதி இடம் தரவில்லை. கார்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வழங்கிய வங்கியின் பெயர் இருக்கும். இனி உங்கள் கடிதம் எல்லாம் அந்த முகவரிக்கே போகட்டும். கடையில் சேர்த்த பாயின்ட், கூப்பன் ஏதாவது மிச்சமிருந்தால் மட்டும் கணக்கை மூடும் முன் செலவழித்துவிடுங்கள். மூடிய பிறகு அவற்றைக் கேட்டுப் பெறுவது கடினம்.

போனில் பேசிப் பேசி ஓய்ந்திருப்பீர்கள். இனி எழுத்தில்தான். பதிவு செய்த உங்கள் மின்னஞ்சலிலிருந்து, வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு இந்த அளவு எழுதினால் போதும்:

“ஜூன் 12 தேதியிட்ட உங்கள் மின்னஞ்சலில் அறிவித்த ஆண்டுக் கட்டணத்துக்கு ஒரு மாத முன்னறிவிப்பு தரப்படவில்லை. இலவசம் என்று சொல்லித் தந்த கார்டுக்கு விதிக்கும் இக்கட்டணம் எனக்குப் பாதகமானது, இதை நான் ஏற்கவில்லை. கட்டணத்தை விதிக்க வேண்டாம், விதித்திருந்தால் ஜிஎஸ்டியோடு திரும்ப வரவு வைக்கவும். நிலுவையைச் செலுத்தி, கூடுதல் கட்டணம் இன்றிக் கணக்கை மூட விரும்புகிறேன். கணக்கை முடிக்க இன்றைய தேதியில் செலுத்த வேண்டிய முழுத் தொகையை எழுத்தில் தெரிவிக்கவும். மாற்றப்பட்ட முக்கிய நிபந்தனைகளின் பிரதியைத் தமிழில் அனுப்பவும்.”

கடைசி வரியை விடாதீர்கள். நிபந்தனைகள் வாடிக்கையாளருக்குப் புரியும் எளிய மொழியில், முடிந்தவரை ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. ‘முடிந்தவரை’ என்ற சொல்லால் அது கட்டாயம் இல்லாமல் போகிறது என்றாலும், நீங்கள் கேட்டதும் அவர்கள் தராததும் பதிவாக வேண்டும். முக்கிய நிபந்தனைகளின் பட்டியலை, ஒரு நிபந்தனை மாறும் ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும் என்பதோ கட்டாயம்.

‘முழுத் தொகை’ என்ற வரிக்கும் காரணம் இருக்கிறது. பில்லில் உள்ள தொகையைக் கட்டிவிட்டால் முடிந்தது என்று நினைப்போம். பில் தேதியிலிருந்து நீங்கள் கட்டிய தேதி வரை ஓடிய வட்டி அந்தப் பில்லில் இருக்காது, அடுத்த பில்லில்தான் வரும். கணக்கை முடித்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவரின் பெயரில் எழுநூறு ரூபாய் நிற்கும், அதற்குத் தாமதக் கட்டணம் ஏறும், ‘பாக்கி உள்ளது’ என்று மூடும் கோரிக்கையும் நிராகரிக்கப்படும். அதனால் முடிக்கும் தொகையை எழுத்தில் வாங்கி, அதைக் கட்டி, ரசீதோடு மூடும் கோரிக்கையை மறுபடி அனுப்புங்கள். பாக்கி இல்லாத கணக்கை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கிதான் உங்களுக்குத் தர வேண்டும். தபாலில்தான் கோரிக்கை அனுப்ப வேண்டும் என்று அடம்பிடிக்கவும் கூடாது. ஆப், இணையத்தளம், மின்னஞ்சல், ஹெல்ப்லைன் எதில் கேட்டாலும் செல்லும். மூடியதும் ‘நிலுவை இல்லை’ என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கி, ஃப்ரிட்ஜ் பில்லோடு பத்திரப்படுத்துங்கள்.

முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிஎம்எஸ் என்ற அவர்களின் இணையத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும், கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. 499 ரூபாய் விவகாரம் பெரும்பாலும் இந்தப் படியிலேயே முடிந்துவிடும். அங்கே புகார் கொடுக்கும்போதே நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடாதீர்கள். ஒரே விஷயம் நீதிமன்றத்தில் இருந்தால் குறைதீர்ப்பாளர் எடுக்க மாட்டார்.

‘லைஃப்டைம் ஃப்ரீ’ என்ற வாக்குறுதி மட்டும் நுகர்வோர் ஆணையத்துக்கு ஏற்ற விஷயம். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரமும் நியாயமற்ற வணிக முறையும் புகாருக்குரியவை. அந்த நோட்டீஸ், அன்று வந்த வாட்ஸ்அப் செய்தி, கார்டோடு வந்த உறை, எது இருந்தாலும் தேடி எடுத்து வையுங்கள். வாய்மொழியாகச் சொன்னார்கள் என்பதைவிட அச்சிட்ட ஒரு துண்டுக் காகிதம் பல மடங்கு பலம். நோட்டீஸ் கடையின் பெயரில் இருந்தால் கடையையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். வங்கியின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் திண்டுக்கல் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்க முடியும், உங்கள் அளவு வழக்குக்கு மனுக் கட்டணமும் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஒப்பந்தமே நியாயமற்றது, அந்த ஷரத்தே செல்லாது என்று வாதிட வேண்டுமானால் அது மாவட்ட ஆணையத்தின் அதிகாரத்தில் வராது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். உங்கள் தேவைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

தம்பியின் பயத்துக்கு வருகிறேன். பழைய கார்டை மூடினால் ஸ்கோர் சில புள்ளிகள் இறங்கலாம், கொஞ்ச காலத்தில் மேலே வந்துவிடும். தவணை தவறினால்தான் நிஜமான அடி. எனவே சண்டை நடக்கும்போது கோபத்தில் மொத்தமாகக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். சர்ச்சைக்குரிய கட்டணத்தை மட்டும் தனியாகக் குறிப்பிட்டுவிட்டு, மற்றதைக் கெடு தேதிக்குள் கட்டுங்கள். கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆன பிறகே தாமதக் கட்டணம் போடவும், சிபிலுக்குத் தெரிவிக்கவும் முடியும். போட்டாலும் கட்டாமல் மீந்த தொகைக்குத்தான் போட வேண்டும், மொத்தப் பில்லுக்கும் அல்ல. கணக்கை மூடி இரண்டு மாதம் கழித்து உங்கள் கிரெடிட் அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி. அதில் இந்தக் கார்டு ‘மூடப்பட்டது’ என்று வந்திருக்க வேண்டும்.

உங்கள் தோழியின் இஎம்ஐ கார்டை வங்கி அல்லாத நிதி நிறுவனம் வழங்கியிருந்தால், நான் மேலே சொன்ன ஒரு மாத விதியும் 500 ரூபாய் அபராதமும் அதற்கு அப்படியே பொருந்தாது. அது கிரெடிட் கார்டு அல்ல, கடன் கணக்கு. ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்கு உங்களைவிடப் பலமான பிடி இருக்கிறது. வட்டி, சேவைக் கட்டணம், முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம் என்று எந்த நிபந்தனை மாறினாலும், நிதி நிறுவனங்கள் அதைக் கடன் வாங்கியவரின் வட்டார மொழியிலோ அவருக்குப் புரியும் மொழியிலோ அறிவிக்க வேண்டும், மாற்றமும் இனி வரும் காலத்துக்கு மட்டுமே செல்லும் என்று அவற்றுக்கான நியாய நடைமுறை நெறி சொல்கிறது. இங்கே ‘முடிந்தவரை’ என்ற சொல் இல்லை. தனக்குத் தமிழில் அறிவிப்பு வந்ததா, எந்தத் தேதியில் வந்தது, கட்டணம் எந்தத் தேதியிலிருந்து ஏறியது என்ற மூன்றையும் அவர் கணக்கு அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பொருந்தவில்லை என்றால் அறிக்கையின் நகலோடு எனக்கு எழுதச் சொல்லுங்கள், அவருக்கான கடிதத்தையும் எழுதித் தருகிறேன்.